குறட்டையின் சம்மதம்

எங்கள் பொதுநிழல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில், அறைகள் தேவைப்படும் வீட்டுக்கு நடந்து செல்லும்.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அங்கே ஓர் அறை கூடும். ஒரு வீட்டில் யாரும் படுக்காத அறை இருந்தால் அங்கிருந்து ஓர் அறை குறையும். கூடுகிற அறை புதிதாக முளைப்பதில்லை. குறைந்த வீட்டிலிருந்துதான் அது எழுந்து வருகிறது. பொதுக்குழு கூடி, கை தூக்கி முடிவு செய்தபின், முற்பகல் வெயில் ஏறுவதற்குள் இது நடைபெறும். அறை வரும் வழியில் கட்டியிருக்கும் துணிக்கொடிகளை அவிழ்த்து வைப்போம். புழுதி எழாமல் தண்ணீர் தெளிப்போம். சினைப்பசுவைப் போல அறை நிதானமாக நடக்கும். அதை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அறை போன வீட்டின் சுவர், தண்ணீர் மூடிக்கொள்வதுபோல மூடிக்கொள்ளும். பூச்சு காயும்வரை அவ்விடத்தைச் சொறியக் கூடாது. அறை வந்த வீட்டில் சில நாட்களுக்குக் கதவுகளுக்கு வழி தெரியாது. குளிக்கப் போனவர் சமையலறையில் நிற்பார். பிறகு பழகிவிடும்.

கோவைக்குக் கிழக்கே, நூற்பாலைகள் வரிசையாக நிற்கும் சாலையில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. நான் அதன் செயலாளர். இப்பொறுப்புக்கு ஊதியம் இல்லை. எங்களிடம் நிலமும் வீடும் தனித்தனியே எவருக்கும் சொந்தமில்லை. எல்லாம் சங்கத்துக்குச் சொந்தம், சங்கம் எங்கள் எல்லோருக்கும் சொந்தம். பெரிய வீட்டுக்காரருக்கும் சிறிய வீட்டுக்காரருக்கும் ஒரே அளவு பங்கு, ஒரே வாக்கு. மாதந்தோறும் தருவது குழாயும் விளக்கும் கூரையும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவுதான். எவரேனும் விலகிப் போனால் தாம் போட்ட பங்கைத் திரும்பப் பெறுவார். அதற்கு மேல் இல்லை. வீட்டை விற்று லாபம் பார்க்க இங்கே இயலாது. காத்திருப்போர் வரிசையில் முன்னால் நிற்பவர் உள்ளே வருவார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை விளக்க நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஒருவர் பேருந்தில் நெடுந்தூரம் அமர்ந்து வந்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் தம் இருக்கையைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் தடுத்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். இத்தனை நேரம் தம் உடம்பின் சூட்டை அந்த இருக்கை வாங்கிக்கொண்டதே, ஆகவே அது தம்முடையது என்று எண்ணிவிட்டார். அன்பர்களே, நாம் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம். சூடு நம்முடையது, இருக்கை நம்முடையது அன்று. இவ்வளவே கூட்டுறவு.

இந்தக் கதையை நான் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் சொல்கிறேன் என்று உறுப்பினர் மயில்சாமி குறைப்பட்டுக்கொள்வார். மினிடோர் என்னும் சிறு சரக்கு வண்டி ஓட்டுபவர் அவர். "செக்ரட்டரி பஸ் ஏறிட்டாருங்க, இனி டீ ஆறிப் போயிரும்" என்பார்.

நான் சொல்லவிருப்பது திலகமணி அம்மாள் வீட்டு அறையைப் பற்றி.

திலகமணி அம்மாளின் கணவர் சென்னியப்பன் நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். வேலைக்காலம் முழுவதும் இரவு ஷிப்டு. பகலில் உள்ளறையில் தூங்குவார். சென்ற ஆண்டு அவர் காலமானார். ஆனால் அவருடைய குறட்டை அறையிலேயே தங்கிவிட்டது. முதலில் ஒரு நீண்ட இழுப்பு, நடுவே ஒரு சிறு நிறுத்தம், பிறகு சுமையை இறக்கி வைப்பது போன்ற ஒரு மூச்சு. காலையில் ஷிப்டு முடிகிற வேளையில் தொடங்கி, மாலை விளக்கு வைக்கும்வரை கேட்கும். திலகமணி அம்மாள் கூடத்தில் பாயை விரித்து, அது கேட்கும் திசையில் தலைவைத்து மதியம் சற்றுக் கண்ணயர்வார். இரவில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

அதே வரிசையில், மூன்று வாசல் தள்ளி, ஜெஸிந்தாவும் அருள்ராஜும் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் கூடமும் சமையலறையும் மட்டுமே. அருள்ராஜும் இரவு ஷிப்டுக்காரர். பகலில் அந்த ஒரே கூடத்தில் தூங்கியாக வேண்டும். ஜெஸிந்தாவுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அழுவதற்கு ஓர் இடமும், தகப்பனுக்குத் தூங்குவதற்கு ஓர் இடமும் தேவைப்பட்டன. ஜெஸிந்தா சங்கத்திடம் ஓர் அறை கேட்டாள். குடியிருப்பு முழுவதிலும் ஆள் படுக்காத அறை ஒன்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள தகரக் கொட்டகையில் பொதுக்குழு கூடியது. நான் விஷயத்தை எடுத்துரைத்தேன். திலகமணி அம்மாள் எழுந்து நின்றார்.

"அந்த ரூம்பு சும்மா இல்லீங்க. அவரு தூங்கறாரு."

மயில்சாமி கையைத் தூக்கிவிட்டுப் பேசினார். "ஏனுங் செக்ரட்டரி, கொறட்டைக்கு ரேசன் கார்டு இருக்குதுங்களா?"

"உனக்கே போன வருசந்தான கார்டு வந்துச்சு, மயில்சாமி? அதுவரைக்கும் நீ ஆளா இல்லாமயா இங்க சுத்திட்டிருந்தே?" என்றார் திலகமணி அம்மாள்.

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. மயில்சாமியும் சிரித்தார். ஆயினும் விடவில்லை.

"அக்கா, நான் எந்திரிச்சு வேலைக்குப் போறேன், வர்றேன். மாமன் எந்நேரமும் தூக்கந்தான?"

"ரிட்டயர் ஆகற வரைக்கும் ராத்திரி முழிச்சவரு. அத்தனை தூக்கம் மிச்சமிருக்குது. அதத்தான் தூங்கறாரு. உனக்கென்ன நட்டம்?"

எங்கள் துணைவிதிகளின்படி ஓர் அறையில் குடியிருப்பவர் என்பவர் அந்த அறையில் வழக்கமாக உறங்குபவர். வேறு எந்தத் தகுதியும் கூறப்படவில்லை. குறட்டை வழக்கமாக உறங்குகிறது. சொல்லப்போனால் எங்களில் எவரையும்விட ஒழுங்காக உறங்குகிறது. இதை நான் கூட்டத்துக்குத் தெரிவித்தேன். குறட்டை குடியிருப்பவரே என்று கருதுவோர் கை தூக்கலாம் என்றேன்.

யாரும் உடனே தூக்கவில்லை. எல்லோருடைய கண்களும் ஜெஸிந்தாவின் வயிற்றின்மேல் இருந்தன. கை தூக்கினால் அந்தக் குழந்தைக்கு இடமில்லை. தூக்காவிட்டால் உறங்குகிறவரை எழுப்பி வெளியேற்றியவர்கள் ஆவோம். கொட்டகைக்கு அப்பால் குறட்டை இழுத்தது, நின்றது, இறக்கி வைத்தது.

முதலில் உயர்ந்த கை ஜெஸிந்தாவுடையது.

"தூங்கறவர தூங்கலைன்னு எப்பிடிங்கக்கா சொல்றது?" என்றாள். "எனக்கு ரூம்பு வேணும். வேண்டாம்னு சொன்னா அது பொய். ஆனா அவரு தூங்கறாரு."

பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. மயில்சாமியின் கை இரண்டாவது.

அன்பர்களே, நியாயம் என்பது ஒருவர் தமக்கு வேண்டியதைத் தாமே எதிர்த்துக் கை தூக்கும்போதுதான் முகம் காட்டுகிறது. மற்ற நேரங்களில் அது வெறும் கணக்கு. இதை நான் அன்று கூட்டத்தில் சொல்ல எண்ணினேன். சொல்வதற்குள் திலகமணி அம்மாள் மறுபடியும் எழுந்துவிட்டார். வழக்கில் வென்றவரின் முகமாக அது இல்லை. அவர் ஜெஸிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, உங்க வீட்டுக்காரருக்குக் கொறட்டைச் சத்தம் ஒத்துக்குமா?"

அருள்ராஜ் பின்வரிசையிலிருந்து பதில் சொன்னார். "மெஷினுக்கு நடுவுல நிக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமாங்கக்கா? அதும்பாட்டுக்கு அது, எம்பாட்டுக்கு நான்."

"அப்பச் செரி. ரூம்பு போவட்டும். அவரும் அதோட வரட்டும். மூணு வாசல்தான, எனக்குக் காது கேக்கும்."

தாமாக முன்வந்து கொடுக்கும் அறையைத் தடுக்க எந்த விதியும் இல்லை. நாங்கள் கை தட்டினோம். டீ குடித்தோம். எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவில்தான் நாங்கள் தவறு செய்தோம்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் அறை எழுந்தது. மாடு எழுவதைப் போலப் பின்பக்கத்தை முதலில் தூக்கி, பிறகு முன்பக்கத்தை நிமிர்த்தியது. சுவர்களில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. திலகமணி அம்மாள் வாசலில் நின்று அதன் சன்னல் கம்பியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அறை முற்றத்துக்கு வந்தது. உள்ளே குறட்டை சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு வாசலைக் கடந்தது. இரண்டாம் வாசலைக் கடந்து, தொட்டிக்கு எதிரே வந்ததும் நின்றது. பிறகு முன்பக்கத்தை மடக்கி, பின்பக்கத்தையும் இறக்கி, முற்றத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் அன்று முழுவதும் காத்திருந்தோம். மறுநாளும் அது எழவில்லை. அறையைச் சுற்றிக்கொண்டு குடங்களுடன் நடந்தோம். அதன் மொட்டைமாடியில் காக்கைகள் அமர்ந்தன. அதன் நிழலில் அருள்ராஜ் பாய் விரித்துத் தூங்கினார்.

"சங்கத்து ரூம்பு, சங்கத்து நெலத்துல உக்காந்திருக்குது. நாம யாருங்க கேக்கறதுக்கு?" என்றார் மயில்சாமி.

துணைவிதிகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. குடியிருப்பவர் இருக்கும் அறையை நகர்த்துமுன் அவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். நாங்கள் குறட்டையைக் குடியிருப்பவர் என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் அவரைக் கேட்க மறந்துவிட்டோம். ஒருவரை மனிதராக மதித்துக் கை தூக்கிவிட்டு, உடனே அவரைச் சாமானைப் போல இடம் மாற்றுவது நல்லவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எனவே, நல்லவர்களே, கவனமாக இருங்கள்.

நான் அறைக்குள் சென்று, தீர்மானத்தை உரத்த குரலில் குறட்டையிடம் சொன்னேன். குறட்டை சன்னல் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தது. மயில்சாமி தம் வண்டியைச் சன்னலருகே கொண்டுவந்து ஹாரன் அடித்தார். ஒரு சிறு நிறுத்தம் ஏற்பட்டது. அது வழக்கமான நிறுத்தம்தான். பஜனைக் கோஷ்டியை அழைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இதற்கிடையில் ஜெஸிந்தாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. அவள் இடுப்பில் கை வைத்தபடி, தன் வீட்டுக்கு வரவேண்டிய அறையைத் தினமும் தாண்டிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

திலகமணி அம்மாளைப் பார்க்க அவர் வீட்டுக்குச் சென்றேன். மூடிக்கொண்ட சுவரின் அருகே அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவர எழுப்ப எனக்கு மட்டுந்தான் தெரியுமுங்க" என்றார் அவராகவே. "தோளத் தட்டினா எந்திரிக்க மாட்டாரு. கால் பெருவெரல அமுக்கோணும்."

"வந்து எழுப்புகிறீர்களா?"

அவர் காம்புகளை ஒதுக்கி வைத்தார். "எழுப்பலாமுங்க. எந்திரிச்சுப் போட்டாருன்னா அப்பறம் கொறட்டை ஏதுங்க?"

திருமணங்களிலும் கொடியேற்றங்களிலும் எவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் அறிவுரை சொல்லக்கூடிய நான், தரையில் கிடந்த ஒரு காம்பை எடுத்து அவர் குவியலில் சேர்த்தேன். உறங்குகிறவரின் சம்மதத்தை உறக்கத்தில் பெற இயலாது. விழித்தவரிடம் குறட்டை இராது. அறை நகர வேண்டுமானால் அவர் போயாக வேண்டும். அவரைப் போகச் செய்ய இந்த ஊரில் ஒரே ஒருவரால்தான் முடியும்.

"யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அறை முற்றத்திலேயே இருந்தாலும் நாங்கள் சுற்றிக்கொண்டு நடந்திருப்போம்.

"தெரியுமுங்க. கட்டாயப்படுத்தினா மாட்டேன்னு சொல்லிப் போடலாம். நீங்க ஒருத்தரும் அதச் செய்யறதில்ல."

மறுநாள் மதியம் அவர் ஒரு டம்ளர் டீயுடன் முற்றத்துக்கு வந்தார். நாங்கள் விலகிக்கொண்டோம். சன்னல் திறந்திருந்ததால் குரல் கேட்டது. காதைப் பொத்திக்கொள்வது மரியாதையாக இருந்திருக்கும், ஆனால் எவரும் பொத்திக்கொள்ளவில்லை.

"ஏனுங். மணியாச்சுங்க. எந்திரிங்க."

குறட்டை இழுத்தது.

"எந்திரிங்க. நம்ம ஜெஸிந்தாப் புள்ளைக்கு எடம் வேணும். உங்களக் கேக்காமத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கோவிச்சுக்காதீங்க, நாந்தான் குடுக்கறேன்னு சொன்னேன். இந்த டீயக் குடிங்க. எனக்குங் கொஞ்சம் தூக்கம் பாக்கி இருக்குது, அத நான் பாத்துக்கறேன்."

சிறு நிறுத்தம் வந்தது. நாங்கள் மூச்சு இறங்குவதற்காகக் காத்திருந்தோம். இறங்கவில்லை. நிறுத்தம் நீண்டது. தொட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

பிறகு அறைக்குள்ளிருந்து ஒரு பெரிய கொட்டாவி எழுந்தது.

திலகமணி அம்மாள் வெளியே வந்தபோது அவர் வாய் அகலத் திறந்திருந்தது. கண்களில் நீர் நிறைந்திருந்தது. கொட்டாவியின் போது கண்ணில் நீர் வருவது இயல்பு. காலி டம்ளரை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கும் கொட்டாவி வந்தது. என்னைப் பார்த்த மயில்சாமிக்கு வந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் அறை எழுந்து, ஜெஸிந்தாவின் வீட்டு வாசலை நோக்கி நடந்து, முனகாமல் உள்ளே பொருந்திக்கொண்டது.

அடுத்த பொதுக்குழுவில் அந்தக் கொட்டாவியைப் பற்றி விவாதித்தோம். அந்த ஒரே கொட்டாவிதான் ஆள் மாறி ஆள் தாவுகிறது, ஒவ்வொரு நாளும் அது யாரிடம் தங்கியதோ அவர் அன்றிரவு, பொறுப்புகள் ஏதுமற்றவரைப் போல, அசையாமல் உறங்கினார் என்பது தெரிய வந்திருந்தது. கவலை உள்ளவர்கள் பலர் எங்களிடையே உண்டு. ஆகவே கொட்டாவி எவருக்கும் தனிச் சொத்து ஆகாது என்றும், வீட்டுக்கு ஒரு நாளாக முறைவைத்துச் சுற்றி வர வேண்டும் என்றும் முடிவாயிற்று. காலையில் ஒரு வீட்டார் அடுத்த வீட்டு வாசலில் நின்று, முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டுக் கொடுத்துவிட வேண்டும். திலகமணி அம்மாளின் முறை முதலில் வரட்டும் என்றோம். அவர் மறுத்தார்.

"ஜெஸிந்தாவுக்கு அப்பறம் போடுங்க. மாசமா இருக்கற புள்ள தூங்கட்டும்."

எனக்குப் பதவி ஏற்றதிலிருந்து நல்ல தூக்கம் இல்லை. திலகமணி அம்மாளுக்கு அடுத்த முறையை என் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜெஸிந்தாவின் முறை வந்த அன்று அவளுக்கு வலி எடுத்தது. கொட்டாவியுடனே மருத்துவமனைக்குப் போனாள். மாலையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை, வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. மருத்துவரும் செவிலியரும் அதை வாங்கிச் சற்று நேரம் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து எழுந்தார்கள். ஆனால் கொட்டாவி அவர்களிடம் தங்கவில்லை. அவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் அல்லர். குழந்தை அதை மீண்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

குழந்தையிடம் முறையைச் சொல்லி அவசரப்படுத்துவது சரியன்று என்று நிர்வாகக் குழு கருதியது. திலகமணி அம்மாள் தினமும் மதியம் அந்த அறைக்குச் சென்று, தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் கூடத்தில் அருள்ராஜ் தூங்குவார். குழந்தை திலகமணி அம்மாளையே உற்றுப் பார்க்கும். பிறகு வேறு எங்கோ பார்க்கும்.

"என்ன கண்ணு, யோசிக்கிறயா? யோசி, யோசி. எனக்கென்ன, மில்லுக்கா போகோணும்?"

ஒரு மதியம் குழந்தை கொட்டாவி விட்டது. திலகமணி அம்மாள் அதைத் தம் வாயால் முழுவதும் வாங்கிக்கொண்டார். ஜெஸிந்தா அருகில் இருந்து பார்த்தாள். அந்தக் கொட்டாவியின் நடுவே ஒரு சிறு நிறுத்தம் இருந்ததாகவும், கடைசியில் சுமையை இறக்கி வைப்பது போன்ற ஒரு மூச்சு வந்ததாகவும் அவள் பிறகு என்னிடம் சொன்னாள். திலகமணி அம்மாள் உடனே உதடுகளை இறுக மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்தார். அன்றிரவு அவர் வீட்டு விளக்கு சீக்கிரமே அணைந்தது.

மறுநாள் காலையில் அவர் என் வாசலுக்கு வரவில்லை; என் முறைக்காக நானே அவர் வாசலில் சென்று நின்றேன். அவர் நன்றாக உறங்கியெழுந்த முகத்துடன் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். பேசவில்லை. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஒருபுறம் சாய்த்து நின்றார்.

நான் வணக்கம் சொல்லிவிட்டு மோட்டார் போடச் சென்றேன். மாலையில் மயில்சாமி, "என்னங் செக்ரட்டரி, வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். வாங்கிவிட்டேன் என்றேன். அவர் என் கண்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அடுத்தது தம் முறைதான் என்றும், தமக்கு இப்போது அவசரமில்லை என்றும் சொன்னார். அவருக்கு அடுத்த வீட்டாருக்கும் அவசரமில்லாமல் போயிற்று.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரும் படுக்காத ஓர் அறை இருந்தால், பகலில் அதன் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். உள்ளே யாரேனும் உறங்கினால் முதலில் அவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, கேட்டவரையும் நல்லபடியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

திலகமணி அம்மாள் அன்று மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை. மதியம்தோறும் ஜெஸிந்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரசம் சோறு பிசைந்து கொண்டுபோய் அவர் முன் வைக்கிறாள். அவர் வாயைத் திறக்காமலே உண்கிறார். தட்டு காலியாகிவிடுகிறது. உப்பு சரியாக இருந்தால் தலையசைக்கிறார்.